வாத்துக்கு 28 நாள்

ஏ மாப்ளே, இங்கிட்டு வா. வந்து திண்ணையில செத்த உக்காரு. காலையிலருந்து பாக்கேன், வேம்புக்கும் கிணத்துக்கும் நடுவுல நீ நடந்த நடை கொஞ்சமா நஞ்சமா? கமலை இறைச்ச காலத்துல நம்ம மயிலைக் காளைகூட இம்புட்டு நடந்ததில்லை. அதுக்காவது நடைக்கு ஒரு கூனை தண்ணி வந்து விழுந்துச்சு. நீ காதுல ரெண்டு வெள்ளைப் பூவைச் சொருகிக்கிட்டு, "ஆடிபிளா, ஆடிபிளா"ன்னு கத்துற கத்துல, தெக்குத் தெரு ஆட்டுக்காரன் வந்து, "ஆடு போட்டது கிடாயா பொட்டையா"ன்னு விசாரிச்சுட்டுப் போறான்.

உக்காரு. பயப்படாத, கடன் கேக்கல.

உங்க அம்மா சொன்னா, எனக்கு ஒரு டச்சு போனு வாங்கியாந்திருக்கியாம்ல. "மாமா இன்னும் அந்தப் பட்டன் போனை வச்சுக்கிட்டுக் கிடக்காக, பாவம்"னு சொன்னியாம். நல்ல மனசு. உங்க அப்பனைக் கொண்டு பிறக்கல நீ. தந்தா வாங்கிக்கிறேன். அதுக்கு முந்தி, படிச்ச புள்ள, எனக்கு ஒரு கணக்கைத் தீத்து வச்சிரு. வருஷத்துக்கு எத்தனை மாசம்?

பன்னெண்டா? மெட்ராசுல அப்படித்தான் சொல்லிக் குடுக்காகளா? தப்பு மாப்ளே. பதிமூணு.

சித்திரையில பிறந்து பங்குனியில முடிஞ்ச வருஷமெல்லாம் பாட்டன் பூட்டனோட போச்சு. இப்ப போன் கம்பெனிக்காரன் போட்டதுதான் பஞ்சாங்கம். அதுல மாசத்துக்கு 28 நாள். பதிமூணு இருபத்தெட்டு 364. பாக்கி ஒரு நாள் நிக்கும். லீப்பு வருஷம்னா ரெண்டு நாள். அந்த ஒத்த நாளைக்குப் பேசணும்னாலும் பதினாலாவது ரீசார்ஜைப் போடணும். மாசம் 300 ரூபாய்னு வச்சுக்குவோம். பன்னெண்டு மாசத்துக்கு 3,600, பதிமூணுக்கு 3,900. உங்க வீட்டுல போன் எத்தனை? அஞ்சு. ஆக, வருஷத்துக்கு 1,500 ரூபாய், காலண்டர்லயே இல்லாத மாசத்துக்கு வாடகை கட்டுறீக. மீட்டர் வட்டிக்கு விடுறவன் வாசல்ல நின்னா உங்க அம்மா கதவைச் சாத்திக்கிடுவா. அவன்கூட மாசம்னா 30 நாள் பொறுப்பான்டா.

எனக்கு ரொம்ப நாளா ஒரு குடைச்சல். இந்த 28 எங்கிருந்து வந்திருக்கும்? நாலு வாரம்னு ஒரு சாக்குச் சொல்லுவான், அதை விடு. நம்ம கணக்குல பாத்தா, அசுவினி தொட்டு ரேவதி முடிய நட்சத்திரம் 27. அதுல ஒண்ணு இடிக்குது. கோழி அடைகாக்க 21 நாள். மாடு பருவத்துக்கு வார சுத்தும் 21 நாள். அதுலயும் ஒட்டல. கடைசியில ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப, அறுத்த வயல்ல வாத்து மேய்ச்சுக்கிட்டிருந்த ஒருத்தன்கிட்டப் பேச்சுக் குடுத்தேன். வாத்து முட்டை பொரிக்க எத்தனை நாளுப்பான்னு கேட்டேன். சொன்னான் பாரு: 28.

அன்னைக்குத்தான் எனக்குத் தெளிஞ்சது. போன் கம்பெனிக்காரன் நாள் கணக்கு ஒண்ணும் தப்பாப் போடல மாப்ளே. யாருக்குப் போடுறோம்னு தெரிஞ்சுதான் போட்டிருக்கான்.

இன்னொண்ணும் சொன்னான் அந்த வாத்துக்காரன். வாத்து அடைக்கு ஒழுங்கா உக்காராதாம். முட்டையைக் கொண்டுபோய்க் கோழிக்கு அடியில வைக்கணுமாம். கோழி 28 நாளும் தன் குஞ்சுன்னு நம்பிச் சூடு குடுக்கும். பொரிச்ச குஞ்சு நேராக் குளத்துல இறங்கி நீந்திப் போயிரும். கோழி கரையில நின்னு கத்தும். நீ உன் படத்தையும், உன் பேச்சையும், நீ எந்த நேரத்துல எதைப் பாக்கன்னும் சேத்து அந்தக் கம்பெனிகளுக்கு அடைகாத்துக் குடுக்க பாரு, அது எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு. சும்மா சொன்னேன். மூஞ்சியைத் தூக்காத.

என்னது, 30 நாள் பிளானும் இருக்கா? இருக்கும். 2022 சனவரியில டிராய்க்காரக உத்தரவு போட்டாகளே, 30 நாளைக்கு ஒரு பிளான், மாசாமாசம் அதே தேதியில புதுப்பிக்கிற மாதிரி இன்னொரு பிளான், எல்லாக் கம்பெனியும் வைக்கணும்னு. வச்சாக. பலசரக்குக் கடைக்காரன் நல்ல புளியை எங்க வைப்பான்? மேசைக்கு அடியில. கேட்டாத்தான் எடுப்பான். நீ என்னைக்காவது குனிஞ்சு கேட்டியா?

நான் கேட்டேன். என் பட்டன் போனுல நெட்டு பாக்க வழியே கிடையாது. ஆனாலும் எம் பேருக்குத் தினமும் ஒண்ணரை ஜிபி வந்து இறங்கிக்கிட்டே இருந்துச்சு. பல்லு போன கிழவனுக்குத் தினம் ஒண்ணரைக் கிலோ வறுத்த கடலை. தின்னாலும் தின்னாட்டியும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு அது செத்துப் போகும்; விடிஞ்சா அடுத்த ஒண்ணரை. மிஞ்சினதை நாளைக்கு வச்சுக்கிறேன்னா விட மாட்டான். மிஞ்சின சோத்துக்குத் தண்ணி ஊத்தி வச்சு, காலையில வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சு வளந்த உடம்பு இது. மிச்சத்தை ராத்திரியோட ராத்திரியாக் கொட்டிடணும்னு ஒரு சட்டத்தை நான் இந்தப் போனுலதான் பாத்தேன்.

2024 டிசம்பர்ல மறுபடியும் ஒரு உத்தரவு. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனியா ஒரு பிளான் வைக்கணும், வேணும்னா வருஷம் முழுக்க 365 நாளைக்கும் குடுக்கலாம்னு. அது வந்த கையோட நான் ரீசார்ஜ் கடைக்குப் போயி, "தம்பி, வாய் மட்டும் போதும், கண்ணு வேண்டாம்"னேன். அவன் என்னை ஏற இறங்கப் பாத்தான். "தாத்தா, இதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா நெட்டும் சேத்து வந்துரும்ல"ன்னான். டீக்கடையில டீ கேட்டா, வடையைத் தட்டுல வச்சு நீட்டுவானே, அதே கை, அதே சிரிப்பு.

கேளு, நீங்க எப்படி மாட்டினீகன்னு சொல்றேன். 2016க்கு முந்தி 1 ஜிபியை வாங்கி ஒரு மாசம் வச்சு ஓட்டினவன்தான நீ? தேன் பாட்டிலைப் பாத்துப் பாத்து நக்குற மாதிரி. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. அடுத்த மார்ச்சு வரைக்கும் ஓசி. காசில்லாத சரக்குன்னதும் ஊரே வரிசையில நின்னுச்சு; நீ கோவில்பட்டியில ஆதாரைத் தூக்கிக்கிட்டு நாள் பூரா நின்ன. அப்ப எத்தனை கம்பெனி இருந்துச்சு? விரல் விட்டு எண்ணு. இப்ப எத்தனை? தனியார்ல மூணு, கவர்மென்ட் கம்பெனி ஒண்ணு. 2024 ஜூலையில அந்த மூணு பேரும் ரெண்டு நாளைக்குள்ள, ஒருத்தர் பின்னால ஒருத்தரா விலையை ஏத்தினாக. நம்ம எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில சனிக்கிழமை பாத்திருக்கியா? தரகு பேசுறவக துண்டைப் போட்டு, அதுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலையை முடிப்பாக. வெளியில நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு என்னமோ அந்தச் சந்தை ஞாபகம் வந்துச்சு. அம்புட்டுதான் சொல்லுவேன். துண்டை நான் பாக்கல.

ஆனா ஒண்ணு மாப்ளே, காசு பிடுங்குறது இவகதான் கண்டுபிடிச்ச வித்தைன்னு நினைக்காத. ரேடியோவுக்கு லைசென்சு கட்டின தலைமுறை நாங்க. சிரிக்காத. போஸ்டாபீசுல போயி வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டி, சின்னப் புஸ்தகம் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்தி வாங்கணும். கட்டாமப் பாட்டுக் கேட்டா குத்தம். எங்க அய்யா கட்டுவாரா? பருத்தி போட்ட வருஷம் கட்டுவார். மழை பொய்ச்ச வருஷம் ரேடியோவைக் கொண்டுபோய்க் கம்பங் குலுக்கைக்குள்ள இறக்கிருவார். ஒருதரம் லைசென்சு பாக்க ஆள் வந்திருக்குன்னு சேதி வந்துச்சு. அவசரத்துல அணைக்காம இறக்கிட்டாரு. வந்தவரு மோர் குடிச்சுக்கிட்டு இருக்காரு, குலுக்கைக்குள்ளருந்து டி.எம்.சௌந்தரராசன் பாடுறாரு. வந்தவரு தலையைச் சாச்சு ரெண்டு வரி கேட்டாரு. "கம்பு நல்லா விளைஞ்சிருக்கு போல"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னைக்கு உன் கஸ்டமர் கேர்ல அப்பேர்ப்பட்ட ஒரு மனுசனைக் காட்டு பாப்போம். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்"ங்குது. நான் ஆத்திரத்துல எல்லாத்தையும் அழுத்தினேன். இந்தியில பேச ஆரம்பிச்சிருச்சு.

அந்த ரேடியோவுல நாங்க கேட்டதுல முக்காவாசி மெட்ராசு இல்ல. இலங்கை. இந்தக் கரிசக்காட்டுக்கு மெட்ராசைவிடக் கொழும்புதான் கிட்டக்க. காலையில "பொங்கும் பூம்புனல்" வந்தா, தெருவுல ஒரு வீட்டு ரேடியோ போதும், ஏழு வீட்டுப் பொம்பளைகளும் கேட்டுக்கிட்டே சாணி தெளிப்பாக. அதுல பேசுன கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது எல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரக மாதிரி. கடல் தாண்டி வந்த பாட்டுக்கு ஒருத்தனும் ஓடிபி கேக்கல.

அப்புறம் டிவி. 2006ல கலைஞர் ஆட்சிக்கு வந்ததும் வீட்டுக்கு வீடு கலர் டிவி குடுத்தாக. டிவி ஓசி, கேபிளுக்குக் காசு. 2011ல அம்மா ஆட்சியில அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்னாக. உங்க அம்மா அந்த 70 ரூபாய்ல உலகத்தையே பாத்தா. 2019ல வந்துச்சு புது முறை: எந்தச் சேனல் வேணுமோ அதுக்கு மட்டும் காசு குடு, மிச்சம்னு. நல்ல யோசனைதான்னு நானும் நம்பினேன். ஒரு சேனலும் கேக்குறதுக்கு முந்தியே, கம்பி இழுத்ததுக்கு 130, அதுக்கு வரி, ஆக 153 ரூபாய் 40 காசு. சாப்பிடுறதுக்கு மட்டும் காசுன்னு போர்டு வச்சுட்டு, இலை போட்டதுக்கு 153 ரூபாய் 40 காசு வாங்கின மாதிரி. அந்த 40 காசை எப்படிக் குடுக்கன்னு உங்க அம்மா மூணு நாள் யோசிச்சா.

இப்ப நீ சுவத்துல மாட்டியிருக்கியே ஒரு பலகை, அது சாமான்தானா? பொங்கலுக்கு வாங்கியாந்து மாட்டின அன்னைக்குப் பாத்தேன். ஆணி அடிச்சு, கரண்டு குடுத்து, எல்லாரும் உக்காந்தாச்சு. அது படம் காட்டலை. "நீ யாரு?"ன்னு கேக்குது. நம்ம வீட்டுக்குள்ள வந்து, நம்ம சுவத்துல தொங்கிக்கிட்டு, நம்மளைப் பாத்து நீ யாருங்குது. உன் பேரைச் சொன்ன. சாட்சி கேட்டுச்சு. மெட்ராசுல இருக்கிற உன் கூட்டாளிக்குப் போனைப் போட்டு, "மச்சி, ஓடிபி சொல்லு"ங்குற. அவன் யாரு? அவன் மச்சினன் சந்தாவுல அவன் ஒண்டியிருக்கான், அவன் நிழல்ல நீ ஒண்டியிருக்க, உன் நிழல்ல உங்க அம்மா சீரியல் பாக்கா. 2023 ஜூலையில நெட்ஃபிளிக்ஸ்காரன், ஒரு வீட்டுச் சந்தாவை அடுத்த வீட்டுக்காரன் பாக்கக் கூடாதுன்னு இங்கயும் சட்டம் போட்டுட்டான்ல. கல்யாண வீட்டுல பந்திக்கு ஆள் நிறுத்தி, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடான்னு கேட்டு விடுற மாதிரி.

ஓசியில ஒண்டுறது தப்புடா மாப்ளே. அடுத்தவன் சந்தாவுல படம் பாக்குறது மானமுள்ளவன் செய்ற காரியமா? யோசி.

அதுலயும் கிரிக்கெட்டு ஒருத்தன்கிட்ட, புதுப்படம் இன்னொருத்தன்கிட்ட, மலையாளப் படம் மூணாமவன்கிட்ட. காசு குடுத்த பிறகும் நடுவுல விளம்பரம். எனக்கெப்படி இம்புட்டும் தெரியும்னு கேக்கியா? பேச்சை மாத்தாத.

சரி, அந்தப் பலகையோட சேத்து நீ மாட்டின வைஃபைக்கு வருவோம். "நூறு எம்பிபிஎஸ் மாமா, பறக்கும்"னு சொன்னியே. அந்த நூறு என்னன்னு தெரியுமா உனக்கு? நம்ம அளவுல எட்டுப் படி ஒரு மரக்கால். இவக அளவுல எட்டு பிட்டு ஒரு பைட்டு. பாத்தியா, அதே எட்டு. நீ இறக்குற படம் எத்தனை ஜிபி, உன் போனுல எடம் எத்தனை ஜிபி, எல்லாம் பைட்டுல, அதாவது மரக்கால்ல. வேகத்தை மட்டும் பிட்டுல சொல்லுவான், அதாவது படியில. நூறுன்னா நூறு மரக்கால்னு நீ வாயைப் பிளக்க. அவன் அளந்து போடுறது நூறு படி. பன்னெண்டு மரக்கால், நாலு படி. நொடிக்குப் பன்னெண்டரை எம்பி. களத்து மேட்டுல எவனாவது ஒருத்தன் படியில விலை பேசி, மரக்கால்னு காதுல விழுற மாதிரி சொன்னா, பொழுது சாயறதுக்குள்ள பஞ்சாயத்துதான்.

அதுக்கும் முன்னால ஒரு வார்த்தை இருக்கு, "வரைக்கும்." நூறு வரைக்கும். உங்க சித்திக்கு வரன் பாத்தப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரக, "பையனுக்கு மாசம் பத்தாயிரம் வரைக்கும் வருமானம்"னாக. கல்யாணம் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது, மூவாயிரமும் பத்தாயிரம் வரைக்கும்குள்ளதான் இருக்குன்னு. உங்க சித்தப்பாவைக் கேளு, இன்னைக்கும் அவருக்கு அந்த ஸ்பீடுதான்.

கம்பி இழுத்தவன்கிட்ட இதைக் கேட்டேன். "ராத்திரி எட்டு மணிக்கு ஊரே சீரியல் பாக்குதுல்ல அண்ணாச்சி, ஒரே குழாயில எல்லாரும் பிடிச்சா எப்படி வரும்?"னான். அது நெசந்தான், கடைசி மடைக்குத் தண்ணி பாயாதுங்கிறதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனா நான் குடுக்கிற காசு மட்டும் முதல் மடைக் காசா இருக்கே, அதைக் கேட்டேன். அவன் டிவிஎஸ்ஸை உதைச்சுட்டுப் போயிட்டான். 12,525 பஞ்சாயத்துக்கும் கண்ணாடி நார் இழுக்கணும்னு அரசாங்கமும் ஒரு திட்டம் வச்சிருக்கு. வரட்டும். வந்தா, ரேஷன் கார்டுல ஒரு பேரைச் சேக்கிறதுக்கு டவுன் பஸ்ஸுல போயிட்டு வார செலவாவது மிஞ்சும். நெட்டு வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? அளவு சரியா இருக்கணும்ங்கிறேன்.

அட, முக்கியமான ஒண்ணை மறந்துட்டேன். போன மாசம் உங்க அம்மா போனுக்கு வீடியோ கால் வந்துச்சு. போலீஸ் உடுப்புல ஒருத்தன், பின்னால கொடி. அவ நடுங்கிப்போயி என்கிட்டத் தந்துட்டா. "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதை மருந்து இருக்கு, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கு, கேமரா முன்னாலருந்து நகரக் கூடாது"ங்கிறான். நான் சொன்னேன், "சரிங்கய்யா. ஆனா ஆடு அவுக்கிற நேரம், நீங்களும் கூட வாங்க." போனைச் சட்டைப் பையில சொருகி, கேமரா வெளியில தெரியற மாதிரி வச்சுக்கிட்டுக் கம்மாக்கரைக்குக் கிளம்பிட்டேன். அரை மணி நேரம் அந்த மனுசன் பதினெட்டு ஆட்டோட பின்பக்கத்தையும் பாத்துக்கிட்டே என்னை விசாரிச்சான். "கணக்குல எவ்வளவு இருக்கு?"னான். "பதினெட்டு, அதுல ரெண்டு சினை"ன்னேன். கடைசியில அவனே அரெஸ்ட்டை விட்டுட்டு ஓடிப்போயிட்டான்.

சிரிக்கிறது இருக்கட்டும். அப்படி ஒரு அரெஸ்ட்டே சட்டத்துல கிடையாதுன்னு உங்க அம்மாவுக்கு யாரு சொல்லணும்? போனு வாங்கிக் குடுத்தவன் நீ. 1930ன்னு ஒரு நம்பர் இருக்கு, காசு போயிட்டா உடனே அதுல கூப்பிடணும், எம்புட்டு சீக்கிரம் சொல்றமோ அம்புட்டுக்குப் பணத்தை நடுவழியில மறிக்கலாம். அதை உங்க வீட்டுக் கதவுல கரியால எழுதி வச்சது நான். நீ அன்னைக்கும் ஆடிபிளா கேட்டுக்கிட்டிருந்த.

என்ன, உன் போனு உறுமுது? "இன்றுடன் முடிகிறது"ங்குதா? 28 ஆயிருச்சா? அட வாத்தே. போ, போயி ரீசார்ஜ் போடு.

டச்சு போனா? வேண்டாம் மாப்ளே, திருப்பிக் குடுத்துரு. அந்த வெத்தலைப் பெட்டியை இங்கிட்டுத் தள்ளு. அடியில, சுண்ணாம்பு டப்பாவுக்குக் கீழ. ஆமா, போனுதான். எடு, திருப்பிப் பாக்காத. கோவில்பட்டியில பழசு வாங்கினது, ஒரு ஓரத்துல கீறல், மத்தபடி நல்லா ஓடுது. சிம்மெல்லாம் கிடையாது. எதுக்குச் சிம்மு? உங்க வீட்டு வைஃபை எங்க திண்ணை வரைக்கும் வருது; தூணுக்கு இந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்தா மூணு கோடு. போன பொங்கல்லருந்து பாத்துக்கிட்டிருக்கேன்.

பாஸ்வேர்டா? உங்க அம்மா பேரு, அதுக்குப் பக்கத்துல நீ பிறந்த வருஷம். அதுக்குமேல உனக்கு எங்க யோசனை போகப் போகுது? மாத்திராத. மாத்தினாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிரு. "கர்ணன்" பாதியில நிக்குது, சிவாஜி கவச குண்டலத்தை இன்னும் கழட்டல.